ஒரு காசு ஒயினும் புதுக்கோட்டைத் தங்கமும்

தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பிராந்தி, விஸ்கி, ரம், பீர் விற்கிற கடைக்கு மக்கள் வைத்த பெயர் "ஒயின் ஷாப்". தனியார் கடைகள் இருந்த காலத்தில் போர்டிலேயே "ஒயின்ஸ்" என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே போய் உண்மையிலேயே ஒயின் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்! 2003-ல் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் பேச்சு வழக்கில் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

ஒயின் என்றாலே நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. சினிமாவில் பணக்கார வில்லன் நீளக் காம்பு வைத்த கிளாஸில் வைத்துக்கொண்டு சிரிப்பானே, அது. நாலு நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, இருப்பதிலேயே மலிவான பாட்டிலை வாங்கி, "இது எப்படிடா இருக்கு?" என்று ருசி பார்ப்பதெல்லாம் பெங்களூர், சென்னை போன பிறகு வந்த பழக்கம் என்றுதான் தோன்றும்.

ஆனால் மலிவு ஒயினுக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் பழையது. அந்தக் கணக்குப் புத்தகத்தின் ஒரு முக்கியமான பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் கிடைத்தது. அதுவும் ஒரு மண்பானைக்குள்!

கருக்காக்குறிச்சிப் பானை

1898-ம் வருடம். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். ஆலங்குடி பக்கம் உள்ள கருக்காக்குறிச்சி கிராமத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை கிடைத்தது. உள்ளே தங்கக் காசுகள். எண்ணிப் பார்த்தால் 501!

அவை ஊர்க் காசுகள் இல்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் தலை பொறித்த "ஆரியஸ்" என்னும் தங்க நாணயங்கள். அகஸ்டஸில் தொடங்கி, டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்று வந்து வெஸ்பாசியனில் முடிகிறது வரிசை. வெஸ்பாசியன் ஆட்சி கி.பி. 69 முதல் 79 வரை. அதாவது இந்தப் பானை மண்ணுக்குள் போனது அவர் ஆட்சி தொடங்கிய பிறகுதான். இந்தக் காசுகளை பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி.எஃப். ஹில் ஆராய்ந்து எழுதினார். காசுகளில் ஒரு பகுதி இன்று அந்த மியூசியத்தில் இருக்கிறது.

ஒரு ஆரியஸ் ஏறத்தாழ 8 கிராம், நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பவுன். ஆக, யாரோ ஒருவர் 500 பவுனுக்குக் கொஞ்சம் குறைவாகப் பானையில் போட்டு மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார். திரும்ப வந்து எடுக்கவில்லை.

இன்னொரு விசித்திரம், இந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. இனி இது காசாக ஓடக்கூடாது, வெறும் தங்கம்தான் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது இன்னொன்று. எப்படியானாலும் சரி, இங்கே இருந்தவர்களுக்கு ரோமச் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் பெரிய பயபக்தி எதுவும் இல்லை. எடைதான் முக்கியம்.

இந்தத் தங்கத்துக்கும் மலிவு ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு இத்தாலியில் ஒரு சுவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு சுவரில் ஒரு விலைப்பட்டியல்

வெஸ்பாசியன் இறந்த அதே கி.பி. 79-ல்தான் வெசூவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரம் சாம்பலுக்குள் புதைந்தது. அப்படியே புதைந்ததால் வீடு, கடை, சுவர்க் கிறுக்கல் எல்லாம் அப்படியே கிடைத்தன. அதில் ஒரு மதுக்கடையின் விலை விவரமும் இருக்கிறது. ஹெடோனே என்ற பெண்ணின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண ஒயின் ஒரு "ஆஸ்", அதைவிட நல்லது இரண்டு ஆஸ், உயர்ந்த ரகமான ஃபலேர்னியன் வேண்டுமானால் நாலு ஆஸ். ஆஸ் என்பது செம்புக் காசு, ரோமர்களின் சில்லறை.

அப்படியென்றால் கருக்காக்குறிச்சிக் காசுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும்? கணக்கு சுலபம். 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு டினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. 25 டினாரியஸ் சேர்ந்தால் ஒரு ஆரியஸ். ஆக ஒரு தங்கக் காசு என்பது 400 ஆஸ். ஹெடோனே கடையில் ஒரே ஒரு தங்கக் காசைக் கொடுத்தால் மலிவு ஒயின் 400 முறை வாங்கிக் குடிக்கலாம். நூறு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு முறை உயர்ந்த ரகமே வாங்கித் தரலாம்! மொத்தப் பானைக்கும் கணக்குப் போட்டால் 2,00,400 முறை. ஒரு ஊரே தள்ளாடியிருக்கும்.

இன்னொரு அளவுகோல். அந்தக் காலத்தில் ஒரு ரோமப் படைவீரனின் வருடச் சம்பளம் 225 டினாரியஸ், அதாவது 9 ஆரியஸ். சாப்பாடு, ஆயுதம் என்று பிடித்தமெல்லாம் போகத்தான் கைக்கு வரும். அந்தச் சம்பளத்தில் 501 காசு சேர்க்க வேண்டுமென்றால் ஒரு பைசா செலவு செய்யாமல் 55 வருடத்துக்கு மேல் ஆகும்.

ரோமில் ஒயின் ஆடம்பரப் பொருள் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கூலிக்காரன், படைவீரன், அடிமை எல்லோரும் குடித்த அன்றாடப் பானம் அது. தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். அப்படியே ராவாகக் குடிப்பவனை நாகரிகம் தெரியாதவன் என்று நினைப்பார்கள்.

கடல்நீர் கலந்த சரக்கு

மலிவு ஒயின்களில் பெயர் பெற்ற ஒன்று கிரேக்கத் தீவான கோஸில் இருந்து வந்தது. இதன் தனிச்சிறப்பு, அதில் கடல்நீர் கலந்திருக்கும்!

இது எப்படித் தொடங்கியது என்பதற்கு பிளினி ஒரு கதை சொல்கிறார். கி.பி. 79 எரிமலை வெடிப்பில் இறந்துபோன அதே ரோம எழுத்தாளர்தான். கோஸில் ஒரு அடிமை, தான் கொடுக்க வேண்டிய அளவு குறைந்துபோனதால் அதைச் சரிக்கட்டக் கடல்நீரை ஊற்றினானாம். அதுவே ருசியாக இருக்கிறது என்று பழக்கமாகிவிட்டதாம். பாலில் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது...

கதை எப்படியோ, உப்புநீர் ஒயின் உண்மை. கேட்டோ என்ற ரோமர் கி.மு. 2-ம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய நூலில், இத்தாலியில் இருந்துகொண்டே கோஸ் ஒயின் மாதிரி தயாரிப்பது எப்படி என்று செய்முறையே கொடுத்திருக்கிறார். டூப்ளிகேட் சரக்குக்கு அப்போதே செய்முறைக் குறிப்பு! பிறகு பல ஊர்களில் கோஸ் ஜாடியைப் போலவே ஜாடியும் செய்து, அந்த மாதிரி ஒயினையும் ஊற்றி விற்றார்கள்.

இந்த ஜாடிக்கு "ஆம்போரா" என்று பெயர். இரண்டு பக்கமும் காது, நீளக் கழுத்து, அடிப்பாகம் கூர்மையாக இருக்கும். ஒரு ஜாடியில் சுமார் 26 லிட்டர் பிடிக்கும். உள்ளே பிசின் பூசியிருப்பார்கள். கோஸ் வகை ஜாடியை அடையாளம் காண்பது சுலபம். காது ஒற்றைக் குழலாக இல்லாமல், இரண்டு மண் குழலை ஒட்டவைத்த மாதிரி இரட்டையாக இருக்கும்.

அந்த இரட்டைக் காதுதான் தமிழகத்தின் கடல் வணிக வரலாற்றையே மாற்றி எழுத வைத்தது.

மியூசியத்தில் கிடைத்த ஜாடிக் காது

1944-ல் மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். அந்த வருடம் சென்னை மியூசியத்தைப் பார்வையிட்டபோது ஒரு அலமாரியில் உடைந்த ஜாடி ஒன்றின் கழுத்தும் காதும் கையில் தட்டுப்பட்டது. மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா! எங்கே கிடைத்தது என்று பார்த்தால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு.

அந்த இடத்தைப் பற்றி பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1937-லேயே கவனப்படுத்தியிருந்தார். வீலர் 1945-ல் அங்கே தோண்டினார். ஆம்போரா ஓடுகள், இத்தாலியின் சிவப்புப் பளபளப்பு மட்பாண்டங்கள் எல்லாம் வந்தன. இந்தத் துறைமுகம்தான் கிரேக்கக் கடல் பயணக் குறிப்பான "பெரிப்ளூஸ்" சொல்லும் பொதுகே என்று கருதப்படுகிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் அகழாய்வு நடந்தது.

அரிக்கமேட்டு ஆம்போரா ஓடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர். 1996-ல் வெளியான அவருடைய முடிவுதான் சுவாரசியம். அங்கே கிடைத்த ஜாடிகளில் மிகுதியாக இருந்தது கோஸ் வகை. அதாவது கடல்நீர் கலந்த மலிவு சரக்கு! இத்தாலியின் கம்பானியா பகுதியில் இருந்து வந்த ஜாடிகளும் உண்டு. பாம்பேய் இருக்கிற அதே பகுதி. ஒயின் மட்டும் இல்லாமல் ஆலிவ் எண்ணெய், மீன் சாறு வந்த ஜாடிகளும் சில இருந்தன.

ஜாடி வந்த வழி

ஹெடோனே கடையில் ஒரு செம்புக் காசுக்கு விற்ற ரகம் இங்கே வருவதற்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று பாருங்கள்.

இத்தாலியிலிருந்தோ கிரேக்கத் தீவுகளிலிருந்தோ கப்பலில் எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் நதியில் படகு ஏறி கோப்டோஸ். அங்கே இறக்கி ஒட்டகத்தின் மேல் ஏற்றி, வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில் நடந்து, பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறைமுகமான பெரனிகே. இந்தப் பாலைவன வழிக்கு மட்டும் 12 நாள் என்று பிளினி எழுதுகிறார். ஜூலை மாதம் அங்கிருந்து கப்பல் கிளம்பும். அரேபியாவின் தென்முனையில் இருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. முசிறி இன்றைய கேரளத்தில் இருந்த சேரர் துறைமுகம்.

பெரனிகே அகழாய்வில் கிடைத்த மண்ஓட்டு ரசீதுகளில் எந்தெந்த ஒயின் எத்தனை ஜாடி ஏற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறது. இத்தாலி ஒயின், லவோதிகேயா ஒயின் என்று ரகம் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். பெரிப்ளூஸ் நூலும் குஜராத்தின் பரிகாசா (இன்றைய பரூச்) துறைமுகத்தில் இத்தாலி ஒயினுக்கே முதலிடம், அடுத்து லவோதிகேயா, அரேபிய ஒயின் என்கிறது. ஏட்டில் எழுதியதும் ஓட்டில் எழுதியதும் அழகாக டேலி ஆகிறது!

முசிறியோடு பயணம் முடியவில்லை. கிழக்குக் கரையில் இருக்கிற அரிக்கமேட்டுக்குப் போக வேண்டுமே. பெரிப்ளூஸ் அந்தக் கரையில் ஓடிய உள்ளூர்க் கப்பல்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கடைசிக் கட்டத்தில் அந்த ஜாடிகளைச் சுமந்ததில் இந்த மண்ணின் மாலுமிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

போக்குவரத்து ஒருவழி இல்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்ற இடத்தில் "பானை ஒறி" என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. உறியில் தொங்கவிடும் பானை என்று அதைப் படித்தவர் ஐராவதம் மகாதேவன். அவர்களுடைய ஜாடிக் காது அரிக்கமேட்டில், நம்முடைய உறிப் பானை செங்கடலில். பெரனிகே கோயில் ஒன்றில் ஏழரை கிலோ மிளகு இந்திய ஜாடியிலேயே கிடைத்தது.

யார் குடித்தார்கள்?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். "சங்க காலத் தமிழர்கள் எல்லோரும் ரோம ஒயின் குடித்தார்கள்" என்று பெருமையாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆதாரம் அவ்வளவு தூரம் போகவில்லை.

முசிறி பக்கத்துத் துறைமுகங்களுக்கு வரும் பொருள்களைப் பட்டியல் போடும்போது பெரிப்ளூஸ் ஒயினையும் சொல்கிறது, ஆனால் "அதிகம் இல்லை" என்ற குறிப்போடு. அதே பட்டியலில் கோதுமையும் வருகிறது. அது கப்பல்காரர்களின் சாப்பாட்டுக்கு, ஏனென்றால் அந்த ஊர் வணிகர்கள் அதைச் சாப்பிடுவதில்லை என்கிறது. ஆக, வந்த ஒயினில் ஒரு பகுதி இங்கே வந்து காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கிய யவனர்களே குடித்தது. ஊர் விட்டு ஊர் வந்து அறை எடுத்துத் தங்குகிறவன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குவது போலத்தான் இதுவும்.

வீலர் அரிக்கமேட்டை யவனர் குடியிருந்த வணிக நிலையமாகவே பார்த்தார். பெக்லியின் ஆய்வோ, யவனர் வருவதற்கு முன்பே அது நம்மவர்களின் ஊராக இருந்தது என்று காட்டியது. வந்த சரக்கை உள்ளூர்க்காரர்களும் பயன்படுத்தினார்கள் என்பது இப்போது பொதுவாக ஏற்கப்படுகிறது.

இன்னொரு திருத்தமும் வந்தது. இந்தியாவில் பல இடங்களில் "ரோம ஆம்போரா" என்று எழுதி வைத்திருந்த ஓடுகளை ராபர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர் மறுபடி பார்த்தார். அவற்றில் கணிசமானவை ரோமில் இருந்து வந்தவையே அல்ல, மெசபடோமியா, பாரசீக வளைகுடாப் பக்கத்து ஜாடிகள் என்று கண்டறிந்தார். காதே இல்லாமல் நீளமாக, உள்ளே தார் பூசி இருக்கும். அரிக்கமேடு, கேரளத்தின் பட்டணம் போன்ற இடங்களில் உண்மையான மத்தியதரைக் கடல் ஜாடிகள் நிறைய உண்டு. ஆனால் உள்நாட்டில் எங்கே பார்த்தாலும் ரோம ஒயின் ஓடியது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் உள்நாட்டில் யார் குடித்தது? புறநானூற்றின் 56-வது பாட்டு பதில் சொல்கிறது. நக்கீரர் பாடியது. பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நன்மாறன். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் நாள்தோறும் ஊற்றித் தர, அதை உண்டு இனிது வாழ வேண்டும் என்று புலவர் மன்னனை வாழ்த்துகிறார். அந்த மது வந்தது நல்ல "கலத்தில்". கலம் என்றால் பாத்திரமும் ஆகும், கப்பலும் ஆகும். பழைய உரைகாரர் குப்பி என்று எடுத்துக்கொண்டார். வேறு சிலர் கப்பல் என்கிறார்கள். அரிக்கமேட்டில் ஓடு ஓடாகக் கிடைத்ததைப் பார்த்தால் மண் ஜாடி என்று எடுத்துக்கொண்டாலும் பொருந்தும்.

ஆக, பாம்பேயில் கூலிக்காரன் செம்புக் காசு கொடுத்துக் குடித்த அதே வகைப் பானம், மதுரையில் பாண்டியனின் தங்கக் கிண்ணத்தில்! இடையில் மாறியது என்ன? கப்பல் கூலி, ஒட்டகக் கூலி, உடைந்த ஜாடி நஷ்டம், ஒவ்வொரு கை மாறும்போதும் லாபம், அப்புறம் "யவன நாட்டுச் சரக்கு" என்ற பெயர்.

ஊர்க் கள்ளும் கூட்டாளிகளும்

சாதாரண மக்களுக்கு மது இல்லாமல் இல்லை. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி... சங்க இலக்கியத்தில் இருக்கிற பெயர்களைப் பார்த்தாலே தெரியும். தோப்பி என்பது வீட்டிலேயே அரிசியில் காய்ச்சியது. மலைப்பக்கத்தில் மூங்கில் குழாய்க்குள் ஊற்றி முதிர வைத்த தேறலும் உண்டு. தேறல் என்றால் தெளிந்தது என்று பொருள். நக்கீரர் யவன ஒயினையும் தேறல் என்றே சொல்கிறார். வெளிநாட்டுச் சரக்குக்கு வெளிநாட்டுப் பெயர் தேவைப்படவில்லை!

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இதற்கு அருமையான காட்சி இருக்கிறது. பாரி ஆண்ட பறம்பு மலை என்பது இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலை என்பார்கள். பொன்னமராவதியில் இருந்து கூப்பிடு தூரம். பாரி இறந்த பிறகு கபிலர் அந்த நாட்டின் வளத்தை நினைத்துப் பாடிய 120-வது புறப்பாட்டில், மண்ணில் புதைத்து முதிர வைத்த கள்ளைப் புல் வேய்ந்த குடிசைகள் தோறும் பகிர்ந்து குடித்ததைச் சொல்கிறார். அரண்மனையில் இல்லை, குடிசையில். தனியாக இல்லை, பகிர்ந்து.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது (புறம் 235) இன்னும் உருக்கம். மது கொஞ்சமாகக் கிடைத்தால் அதை அவன் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டுக்கொண்டே தானும் சேர்ந்து மகிழ்வான் என்ற பொருளில் அழுகிறார். ஒரு குறுநில மன்னனின் பெருமையைச் சொல்ல வரும்போது ஔவைக்கு அவன் ஜெயித்த போருக்கு முன்னால் ஞாபகம் வருவது அவன் பங்கு போட்ட விதம்! என்ன சரக்கு, என்ன விலை என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்படிப் பகிர்ந்தான் என்பதுதான் பேச்சு.

இதே தமிழில்தான் பின்னால் வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார், 93-வது அதிகாரம். குடியின் சந்தோஷம், குடியின் கேடு இரண்டையும் இந்த மொழி அப்போதே பார்த்துவிட்டது.

கணக்கு முடிப்பு

சரி, கருக்காக்குறிச்சிக்குத் திரும்புவோம். யவனர்கள் ஒயினைக் கொடுத்துத்தான் இங்கிருந்து மிளகும் முத்தும் துணியும் வாங்கினார்களா? கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அது போதவில்லை. முசிறிக்கு ஒயின் "அதிகம் இல்லை" என்ற அதே பெரிப்ளூஸ், முதலில் சொல்லும் பொருள் காசு, நிறையக் காசு!

பண்டமாற்றில் ஈடுகட்ட முடியாத மிச்சத்தைத் தங்கமாகக் கட்டினார்கள். பிளினி புலம்புகிறார், வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று. ஒரு ஆரியஸ் நூறு செஸ்டர்ஸ். அவர் சொல்வது சரியென்றால் வருடத்துக்கு ஐந்து லட்சம் தங்கக் காசு, அதாவது கருக்காக்குறிச்சிப் பானை மாதிரி ஆயிரம் பானை! கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் 1985-ல் வெளியிடப்பட்ட "முசிறி பாப்பிரஸ்" என்ற ஆவணத்தில் ஹெர்மாபோலோன் என்ற ஒரே ஒரு கப்பலில் போன சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். ஆக பிளினி சும்மா புலம்பவில்லை.

இந்தத் தங்கத்துக்கு இங்கே சரக்கும் இருந்தது. பாண்டி நாட்டில் முத்து. உறையூரில் மெல்லிய துணி. பெரிப்ளூஸ் "அர்கரு" துணி என்று சொல்வது உறையூர்த் துணியைத்தான். உறையூருக்கும் மதுரைக்கும் இடையே வழியில்தான் புதுக்கோட்டைச் சீமை. கோவலனும் கண்ணகியும் போன வழியில் வரும் கொடும்பை, இன்றைய கொடும்பாளூர், இந்த மாவட்டம்தான். புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் 2023-ல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது தங்க மூக்குத்தியும் கார்னீலியன் மணியும் கிடைத்தன. இது வெறும் காடாகக் கிடந்த பூமி இல்லை, பணமும் பண்டமும் கடந்துபோன பூமி.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ரோமின் பக்கம் மலிவாகக் கிடைத்தது ஒயின். நம் பக்கம் மலிவாகக் கிடைத்தது மிளகு. இரண்டுமே கடலைத் தாண்டியதும் பணக்காரப் பொருள் ஆகிவிட்டன. விலை என்பது பொருளுக்குள் இருப்பதில்லை, அது தூரத்திலும் வரியிலும் கௌரவத்திலும் இருக்கிறது. கிழக்கில் இருந்து போன சரக்குக்கு எகிப்தில் ரோம அரசு போட்ட சுங்கம் 25 சதவீதம். அதையே பெரிய வரி என்பார்கள். இந்தியாவில் வெளிநாட்டு ஒயினுக்குப் பல வருடங்கள் 150 சதவீதம் சுங்கம் இருந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில்தான் ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ஒயினுக்கு அது குறையத் தொடங்கியது. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் அடித்தட்டில் கிடக்கும் பாட்டில் இங்கே கண்ணாடி அலமாரியில் உட்கார்வது இதனால்தான். நன்மாறன் காலத்துக் கதையேதான்!

கடைசியாக ஒன்று. தங்கத்தை வைத்திருந்தவர் அதை யாருக்கும் தெரியாமல் மண்ணில் புதைத்தார். பறம்பு மலைக்காரர்களும் மண்ணில் புதைத்தார்கள், ஆனால் கள்ளை. முதிர்ந்ததும் எடுத்து வீடு வீடாகப் பகிர்ந்து குடித்துத் தீர்த்துவிட்டார்கள். தங்கம் 1898 வரை அப்படியே கிடந்தது, புதைத்தவருக்குப் பயன்படாமலே. கள்ளில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. ஆனால் கபிலர் பாட்டில் அந்தக் கள் இன்னும் குடிசை குடிசையாகப் போய்க்கொண்டிருக்கிறது.